“எப்பவும் போல இல்ல, சார்”

(பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்னக் குழந்தைகளுக்குத் தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்கள் கூட்டமாக இருந்தால் ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டுக் காட்டியிருப்பேன். இங்கே படம் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு தாய் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் மேற்படிப்பு மாணவனாக இருந்த நாட்கள். ஒரு நாள் இரவுப் பணியில், பதினான்கு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயும் மாமியாரும் வந்தார்கள். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது என்றார் மாமியார். குழந்தை விழித்திருந்தது. விரலை நீட்டினால் பிடித்துக்கொண்டது. அழுதது, தோளில் போட்டால் அடங்கியது. காதுக்கு மேலே பக்கவாட்டில் ஒரு புடைப்பு. தொட்டால் கொழகொழவென்று அமுங்கியது. ஒத்தடம் கொடுங்கள், காலையில் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சீட்டு எழுதிவிட்டேன். அந்தத் தாய் எழுந்திருக்கவில்லை. “எப்பவும் போல இல்ல, சார்” என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “சொல்லத் தெரியல சார். ஆனா எப்பவும் போல இல்ல.”

பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர், “அம்மா சொல்றாங்க இல்ல சார், ரெண்டு மணி நேரம் வச்சுப் பாப்போமே” என்றார். வைத்துக்கொண்டோம். மாமியார் டீ வாங்கப் போன சமயம் அந்தத் தாய் என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “கட்டில்ல இருந்து இல்ல சார். மாடிப்படியில இருந்து விழுந்துட்டா. நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். அத்தைக்குத் தெரியாது.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது. கண் சொக்கியது. தட்டி எழுப்பினால் விழித்து, உடனே மூடிக்கொண்டது. ஸ்கேன் எடுத்தோம். மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. விடிவதற்குள் அறுவை சிகிச்சை நடந்தது. பத்தாம் நாள் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தே வாசலைத் தாண்டிப் போனது அந்தக் குழந்தை.

அன்று அதைக் காப்பாற்றியவை இரண்டு. தான் கண்டதை அந்தத் தாய் விடாமல் சொன்னார். மறைத்து வைத்திருந்த உண்மையை நேரத்தோடு சொன்னார். இன்று நான் பேசப்போவது முழுவதும் இந்த இரண்டையும் பற்றித்தான்.

சின்னத் தலையின் இயல்பு

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்துத் தசையோ இன்னும் பலப்படவில்லை. அதனால் குழந்தை எங்கிருந்து விழுந்தாலும் தலை முந்திக்கொள்கிறது. மண்டை ஓடு மெல்லியது. எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று இறுகாமல் இணைப்பு விட்டு நிற்கின்றன. முன்பக்கத்து உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்தான் மூடுகிறது.

இந்த நெகிழ்வு பிரசவத்தின்போது குழந்தைக்கு உதவுகிறது. அடிபட்ட நேரத்தில் நம்மை ஏமாற்றுகிறது. பெரியவரின் மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே ரத்தம் சேர்ந்தால் இடம் போதாமல் அழுத்தம் ஏறி, அறிகுறிகள் விரைவில் வெளியே தெரியும். கைக்குழந்தையின் மண்டை ஓடோ கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். உள்ளே கசிந்துகொண்டே இருக்க, வெளியே பிள்ளை சிரிக்கவும் செய்யும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கிறது. ஏழு கிலோ குழந்தைக்கு மொத்தமே 560 மில்லி. அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பெரியவருக்கு மண்டைக்குள் கசியும் ரத்தத்தால் மட்டும் ரத்த அழுத்தம் விழுந்துவிடாது. கைக்குழந்தைக்கு விழலாம். அடிபட்ட குழந்தையின் உதடும் உள்ளங்கையும் வெளுத்திருந்தால் நாங்கள் பதறுவது இதனால்தான்.

ரத்தம் எங்கே கசிகிறது

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே கெட்டியான ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, எலும்பை ஒட்டி ரத்தம் சேர்ந்தால் எபிடூரல் என்கிறோம். நான் சொன்ன குழந்தைக்கு வந்தது இதுதான். பொட்டுப் பகுதியில் எலும்பில் விரிசல் விழும்போது, அதன் உள்புறம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து கசியலாம். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. அடிபட்டவுடன் அழுத குழந்தை சில மணி நேரம் தெளிவாக இருக்கும். பிறகு திடீரென்று மங்கும். இடையில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு. நேரத்தோடு எடுத்துவிட்டால் இந்தக் கட்டி மூளைக்குப் பெரிய சேதம் வைக்காமல் போகும்.

உறைக்கு உள்ளே, மூளையின் மேற்பரப்பில் பரவும் கசிவு சப்டூரல். மூளையிலிருந்து உறைக்குச் செல்லும் மெல்லிய சிரைகள் அறுபடுவதால் வருவது. இது அதிகம் காணப்படுவது கைக்குழந்தைகளிடம். சில சமயம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும். பால் குடிப்பது குறையும், காரணமில்லாமல் சிணுங்கும், தலைச் சுற்றளவு வேகமாக ஏறும், உச்சிக்குழி விம்மி நிற்கும். மூன்றாவது, மூளைத் திசுவே கன்றிப்போய் அதற்குள் கசிவது. இதில் வெளியே எடுக்க ஒன்றும் இருக்காது. வீக்கத்தைச் சமாளிப்பதே வைத்தியம்.

எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமா?

1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. தலைக்காய வைத்தியத்தையே அது மாற்றிப்போட்டது. தமிழகத்தில் நரம்பியல் அறுவை சிகிச்சை அதற்கு இருபது ஆண்டு முன்பே வேரூன்றிவிட்டது. 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கிவைத்தார்கள். அந்தத் தலைமுறை நோயாளியைத் தொட்டுப் பார்த்தும் வீட்டார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டும் நோயறிந்தது. ஸ்கேன் வந்தபின் அந்தக் கேட்கும் பழக்கம் தேய்ந்துபோய்விடக் கூடாது.

ஸ்கேனுக்கும் விலை உண்டு. பணத்தைச் சொல்லவில்லை, கதிர்வீச்சைச் சொல்கிறேன். 2012-ல் பிரிட்டனிலிருந்து வந்த பெரிய ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, பத்து வயதுக்குள் தலை ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரக்கூடும். சிறிய ஆபத்துதான். தேவைப்படும் குழந்தைக்கு ஒரு நொடியும் தயங்க வேண்டாம். தேவையில்லாத குழந்தைக்கு எதற்கு?

அப்படியானால் யாருக்குத் தேவை? இதற்கு விடை தேடி நேதன் குப்பர்மன் தலைமையில் அமெரிக்காவில் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 42,412 குழந்தைகளைக் கவனித்தார்கள். எல்லாரும் தலையில் அடிபட்டு, நினைவு ஏறக்குறையத் தெளிவாக இருந்தவர்கள். ‘பெகார்ன்’ ஆய்வு என்று பெயர், 2009-ல் வெளியானது. அவர்களில் கவலைக்குரிய மூளைக்காயம் இருந்தது 376 பேருக்கு. நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது அந்த ஆய்வு. நினைவு தெளிவாக இருக்கிறதா? தடவிப் பார்த்தால் எலும்பு முறிவு தட்டுப்படுகிறதா? நெற்றியைத் தவிர வேறு இடத்தில், அதாவது பக்கவாட்டிலோ பின்மண்டையிலோ புடைப்பு இருக்கிறதா? ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியதா? மூன்று அடிக்கு மேலிருந்து விழுந்ததா, வாகனம் மோதியதா? ஆறாவது கேள்விதான் என்னை நெகிழவைத்தது: பெற்றோர் பார்வையில் குழந்தை எப்பவும் போல இருக்கிறதா?

நாற்பதாயிரம் குழந்தைகளைக் கவனித்த அறிவியல், எலும்பு முறிவுக்குப் பக்கத்தில் தாயின் சொல்லை வைத்திருக்கிறது. அன்று இரவு அந்தத் தாய் என்னிடம் சொன்னது இந்த ஆறாவது விடையைத்தான்.

ஆறிலும் குறையில்லை என்றால், கவலைக்குரிய காயம் இருக்கும் வாய்ப்பு 5,000-ல் ஒன்றுக்கும் கீழே. ஸ்கேன் வேண்டாம். நினைவில் மாற்றமோ, எலும்பு முறிவோ இருந்தால் உடனே ஸ்கேன். மற்ற நான்கில் ஒன்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் அடிபட்டதிலிருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கலாம். ஒன்றுக்கு மேல் சேர்ந்தாலோ, கவனிக்கும்போது நிலைமை சரிந்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானாலோ ஸ்கேன் பக்கம் சாய்வோம். ஆகவே, “டாக்டர் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார்” என்று கோபப்படாதீர்கள். அந்தப் பார்த்தல்தான் வைத்தியம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தலையில் அடிபட்ட குழந்தையைத் தூங்கவிடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் தூங்கவிடுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா, நிறம் சரியாக இருக்கிறதா, இயல்பான நிலையில் படுத்திருக்கிறதா என்று இடையிடையே பாருங்கள். சந்தேகம் வந்தால் எழுப்புங்கள். எழுப்பினால் வழக்கம்போல எழ வேண்டும்.

எழுப்ப முடியாத மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எதற்கும் அடங்காத அழுகை, பால் குடிக்க மறுப்பது, ஒரு பக்கக் கை கால் அசைவு குறைவது, இரு கண்களின் கருமணியும் வேறு வேறு அளவில் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற திரவம் வடிவது, நிமிர்த்தி வைத்து அமைதியாக இருக்கும்போதும் உச்சிக்குழி விம்மியிருப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வலிப்பு வந்த குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள்.

புடைப்பை அழுத்தித் தேய்க்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும். இன்னொன்றையும் கைகூப்பிக் கேட்கிறேன். கைக்குழந்தை விடாமல் அழுதால் “உரம் விழுந்துவிட்டது” என்று சேலையில் போட்டு உருட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அன்போடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்த அழுகைக்குக் காரணம் தலைக்குள் கசியும் ரத்தமாக இருந்தால், உருட்டுவது கசிவைக் கூட்டும். அடங்காமல் அழும் குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவமனையில் நடப்பது

நினைவின் அளவை எண்ணில் சொல்ல ஓர் அளவுகோல் உண்டு. 1974-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் கொடுத்தது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண்; 15 முழுத் தெளிவு, 3 ஆழ்ந்த மயக்கம். பேச்சு வராத குழந்தைக்கு மழலைக்கும் சிரிப்புக்கும் அழுகைக்கும் மதிப்பெண் போடுகிறோம். எட்டுக்கோ அதற்குக் கீழேயோ போனால் மூச்சுக்குழாயில் டியூப் வைத்துச் சுவாசத்தை எங்கள் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

அடிபட்ட கணத்தில் நேர்ந்த சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. அதற்குப் பின் நேரும் சேதத்தைத் தடுக்க முடியும். ஆக்சிஜன் குறைவதும் ரத்த அழுத்தம் விழுவதும் காயம்பட்ட மூளையை இரண்டாம் முறை அடிக்கின்றன. அதனால் முதலில் மூச்சு, பிறகு ரத்த ஓட்டம், அதன்பின்தான் ஸ்கேன். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைக்கிறோம். வீக்கம் குறைய 3 சதவீத உப்புக் கரைசலோ மானிட்டால் என்ற மருந்தோ ஏற்றுகிறோம். வலிப்பைத் தடுக்கிறோம், காய்ச்சலைத் தணிக்கிறோம். மண்டைக்குள் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒரு காலத்தில் வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுப்பார்கள். 2004-ல் வெளியான, பத்தாயிரம் பெரியவர்களை உட்படுத்திய ஆய்வு, அது உயிரிழப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. குழந்தைகளுக்கும் இன்று அதைக் கொடுப்பதில்லை.

ஸ்கேனில் ரத்தம் தெரிந்தாலே அறுவை சிகிச்சை என்று நடுங்க வேண்டாம். சிறு கசிவுகள் பலவும் தானே கரைந்துவிடும். விடாமல் கண்காணித்தால் போதும். கட்டி பெரிதாகி மூளையை ஒரு பக்கமாகத் தள்ளினாலோ, குழந்தையின் நினைவு சரிந்தாலோ மண்டை ஓட்டைத் திறந்து கட்டியை எடுக்கிறார்கள்.

ரத்தம் உறையும் தன்மையையும் சோதிக்கிறோம். தாய்ப்பாலில் வைட்டமின் கே குறைவு. பிறந்தவுடன் 1 மில்லிகிராம் ஊசி போடாத குழந்தைக்கு, அடியே படாமல்கூட முதல் சில மாதங்களில் மூளையில் ரத்தம் கசியலாம். அந்த ஒரு ஊசியைத் தவறவிடாதீர்கள். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ள குழந்தைக்குத் தலையில் பலமாக அடிபட்டால், ஸ்கேனுக்குக் காத்திராமல் முதலில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஏற்ற வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் ஃபேக்டர் 13 குறைபாடு போன்ற அரிய நோய்கள் தலைகாட்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாட்கணக்கில் ரத்தம் கசிந்தது என்று ஒரு பாட்டி நினைவுபடுத்திச் சொன்னால், அது எங்களுக்குப் பெரிய துப்பு.

பேசத் தயங்கும் விஷயம்

சில நேரம் குழந்தையின் காயமும் வீட்டார் சொல்லும் கதையும் பொருந்தாது. 1946-ல் ஜான் கேஃபி என்ற அமெரிக்க மருத்துவர், சப்டூரல் கசிவும் கை கால் எலும்பு முறிவும் சேர்ந்து வந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1971-ல் நார்மன் கத்கெல்ச் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், பிடித்து உலுக்குவதாலேயே கைக்குழந்தையின் மூளையில் ரத்தம் கசியலாம் என்றார். விழித்திரையில் ரத்தத் திட்டுகள் இருக்கின்றனவா என்று நாங்கள் பார்ப்பது இதற்காக. அதே கத்கெல்ச் தம் முதுமையில், வேறு நோய்களைத் தேடிப் பார்க்காமல் பெற்றோரைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். குழந்தையைக் காப்பதும் குற்றமற்ற பெற்றோரைக் காப்பதும் எங்கள் கடமை. அதனால்தான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

கைக்குழந்தையின் அழுகை இரண்டு மாத அளவில் உச்சத்துக்குப் போகும். பசி இல்லை, ஈரம் இல்லை, நோய் இல்லை என்று உறுதியானபின்னும் அழும். தூக்கமில்லாத இளம் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நேரத்தில் பொறுமை உடையலாம். உடைகிறது என்று தோன்றினால் குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு அறைக்கு வெளியே வாருங்கள். யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். அழுவதால் குழந்தைக்கு ஆபத்தில்லை. உலுக்கினால், மூளை சேதமடையச் சில நொடி போதும்.

விழாமல் காப்பது

தூளியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டினால் அழகு குறைந்துவிடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடிக்குப் பூட்டு போடுங்கள். சக்கரம் வைத்த வாக்கர் வாங்காதீர்கள். படிக்கட்டில் உருண்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து 2004-ல் கனடா அதன் விற்பனையையே தடை செய்தது. இரு சக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. ஸ்கூட்டரின் முன்னால் குழந்தையை நிற்கவைத்து ஓட்டும் தகப்பன்மாரே, பிரேக் பிடித்தால் முதலில் மோதுவது அந்தத் தலைதான். விபத்து நேர்ந்துவிட்டால் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

நிறைவாக

அந்தத் தாய் ஏன் மாடிப்படியை மறைத்தார்? குழந்தை மேல் அக்கறை இல்லாமலா? “ஒரு பிள்ளையைப் பார்த்துக்கக்கூடத் துப்பில்ல” என்ற சொல்லுக்குப் பயந்து. கட்டில் என்று கேட்டபோது நான் வீட்டுக்குப் போகச் சொன்னேன். மாடிப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வீட்டின் ஏச்சுப்பேச்சுக்கு அஞ்சி மறைத்த உண்மை, ஒரு குழந்தையின் உயிரை நூலிழைக்குக் கொண்டுபோனது.

மருத்துவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: “எப்பவும் போல இல்ல” என்று ஒரு தாய் சொன்னால் அதை நோயாளியின் சீட்டில் எழுதுங்கள். தாய்மார்களுக்கு: காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள்; சொன்னதை மறுபடியும் சொல்லுங்கள். எங்கிருந்து விழுந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகள் விழும். கண்ணை இமை காப்பதுபோல் காக்கும் வீட்டிலும் விழும். விழுந்த அன்று அந்தத் தாயிடம் “நீ எங்கே போயிருந்தே?” என்று கேட்காதீர்கள். “எங்கிருந்து விழுந்தான்? இப்ப எப்படி இருக்கான்?” என்று கேளுங்கள்.